பள்ளிக்கூடத்து வலைப்பூவும் ஊராட்சியின் கடமையும்

கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் தெற்கே சிறிது தூரம் போனால் இடைசெவல் என்னும் சிற்றூர் வரும். பெயரிலே செவல் இருப்பினும் சுற்றிலும் கரிசல் நிலமே. மழை பெய்தால் பருத்தி, உளுந்து, கம்பு, சோளம். பெய்யாவிட்டால் வெடிப்பு விழுந்த வெறும் நிலம். இவ்வூரில் 1922-இல் ஒருவரும் 1923-இல் ஒருவருமாகப் பிறந்த இரு பிள்ளைகள் பிற்காலத்தில் தமிழ்நாடு முழுவதும் அறிந்த எழுத்தாளர்கள் ஆனார்கள். மூத்தவர் கி. ராஜநாராயணன், இளையவர் கு. அழகிரிசாமி. இருவருக்கும் சாகித்திய அகாதமிப் பரிசு கிடைத்தது. அழகிரிசாமிக்கு அவர் காலமான 1970-ஆம் ஆண்டிலும், ராஜநாராயணனுக்கு 1991-ஆம் ஆண்டிலும் அது வழங்கப்பெற்றது.

ராஜநாராயணன் பள்ளிப் படிப்பை நெடுநாள் தொடராதவர், விவசாயி, முப்பது வயதைக் கடந்த பின்னரே கதை எழுத்தாளராக அறியப்பட்டவர். அழகிரிசாமியோ உத்தியோகத்தின் பொருட்டுச் சென்னைக்கும், பிறகு மலேயாவுக்கும் போனவர். ஊர்விட்டு ஊர் போயும் நண்பர்கள் இருவருக்கும் இடையே கடிதப் போக்குவரத்து நிற்கவில்லை. அழகிரிசாமி எழுதிய கடிதங்கள் பின்னாளில் நூலாகவே வெளிவந்தன. எழுத்துத் துறை பற்றிய ஆராய்ச்சி நம்முடைய வேலையன்று. எனினும் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. எழுதுகிறவனுக்குப் படிக்கிறவன் ஒருவன் வேண்டும். அப்படி ஒருவன் எதிர்பார்த்திருக்கிறான் என்று தெரிந்தால் கை தானே எழுதும்.

நம் பள்ளிக்கூடங்களில் எழுதும் பிள்ளைகளுக்கு அவ்விதமான வாசகர் யார்? ஆசிரியர் ஒருவரே. "பசு" என்று தலைப்புக் கொடுத்தால் வகுப்பிலுள்ள முப்பது பிள்ளைகளும் "பசு ஒரு சாதுவான பிராணி" என்று தொடங்கி ஒரே கட்டுரையை எழுதுகிறார்கள். வீட்டிலே கன்று ஈன்ற பசுவுக்கு நள்ளிரவில் அரிக்கேன் விளக்குப் பிடித்த பிள்ளையும் அதே வாக்கியத்தையே எழுதுகிறது. ஆசிரியர் சிவப்பு மையினால் கையொப்பமிடுகிறார். நோட்டுப் புத்தகம் ஆண்டு முடிவில் பழைய பேப்பர் கடைக்குப் போகிறது. பிள்ளைக்கு வகுப்பிலே நாட்டம் குறைவதற்கு இதைவிட வேறு காரணம் தேடவேண்டியதில்லை.

இந்தக் குறையைப் போக்குவதற்குச் சில நாடுகளிலும், நம் மாநிலத்துப் பள்ளிகள் சிலவற்றிலும் கையாளப்படும் சாதனங்களுள் ஒன்று வலைப்பூ. வலைப்பூ என்பது இணையத்திலே எழுதப்படும் நாட்குறிப்பு. ஊர்ச் சாவடியில் ஒரு கரும்பலகை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் இன்று ஒரு செய்தி எழுதுகிறோம். நாளை அதன்மேல் இன்னொன்று எழுதுகிறோம். பழையதும் அழியாமல் கீழே இருக்கிறது. திருப்பூரில் இருக்கிறவரும் துபாயில் இருக்கிறவரும் அதே பலகையைத் தம் கைபேசியில் படிக்கலாம். படித்தபின் ஒரு வரி பதிலும் எழுதலாம். இவ்வளவே அதன் சூட்சுமம். பிளாகர், வேர்ட்பிரஸ் முதலிய வசதிகள் கட்டணமின்றியே கிடைக்கின்றன. தமிழில் வலைப்பூ எழுதும் பழக்கம் 2003-ஆம் ஆண்டை ஒட்டிப் பரவலாயிற்று. ஆசிரியர்கள் பலரும் அக்காலம் முதற்கொண்டே எழுதி வருகிறார்கள். நாம் இங்கே கருதுவது ஆசிரியர் எழுதுவதையன்று, பிள்ளைகள் எழுதுவதை.

இது முற்றிலும் புதிய யோசனை என்று எவரும் நினைக்க வேண்டாம். பிரான்சு தேசத்தின் தெற்கே மலைப்பகுதியில் பார்-சூர்-லூ என்ற கிராமத்துப் பள்ளியில் 1920-இல் செலஸ்தேன் பிரெனே என்னும் இளைஞர் ஆசிரியராகச் சேர்ந்தார். முதல் உலகப் போரில் மார்பிலே குண்டு பாய்ந்து நுரையீரல் பழுதுபட்டவர். உரக்கப் பேசி நெடுநேரம் பாடம் நடத்த அவரால் இயலவில்லை. ஆகவே பிள்ளைகளை வேலை செய்யவைக்கும் வழியைத் தேடினார். 1924-இல் ஒரு சிறிய கை அச்சு இயந்திரத்தை வாங்கி வகுப்பறையில் வைத்தார். பிள்ளைகள் தாங்கள் கண்டதையும் செய்ததையும் எழுதி, தாங்களே எழுத்துக் கோத்து அச்சிட்டார்கள். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் அத்தேசத்தின் வடமேற்குக் கடற்கரையில் திரேகுங்க் என்ற ஊர்ப் பக்கத்துப் பள்ளியோடு தபால் மூலம் அந்த அச்சுத் தாள்களைப் பரிமாறிக்கொண்டார்கள். மலையூர்ப் பிள்ளைகளின் எழுத்துக்குக் கடலோரத்துப் பிள்ளைகள் வாசகர் ஆனார்கள். தபால்காரர் செய்த வேலையை இப்போது இணையம் செய்கிறது. வேறுபாடு அவ்வளவே.

நம் மாநிலத்தில் சாதனங்களுக்குக் குறைவில்லை. பாடநூல்களில் கைபேசியைக் காட்டினால் பாடக் காட்சி விரியும் குறியீட்டுக் கட்டங்கள் 2018-இல் அச்சிடப்பெற்றன. கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டில் தொடங்கிற்று. உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் வந்தன. தொடக்கப் பள்ளிகளில் இருபதினாயிரத்துக்கும் மேற்பட்ட திறன்மிகு வகுப்பறைகள் அமைக்கும் வேலை 2024-இல் மும்முரமாக நடந்தது. ஊரார் 'ஸ்மார்ட் கிளாஸ்' என்று சொல்வது இதைத்தான். பிள்ளைகள் படிப்பதற்கும் எழுதுவதற்குமென்றே 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' என்னும் இரண்டு இதழ்களைப் பள்ளிக் கல்வித் துறை 2022-இல் தொடங்கிற்று.

சாதனம் வந்துவிட்டால் போதுமா என்பதே கேள்வி. தென் அமெரிக்காவில் பெரு நாட்டு அரசாங்கம் பள்ளிப் பிள்ளைகளுக்கு 8 லட்சத்துக்கும் மேற்பட்ட சிறு மடிக்கணினிகளை வழங்கிற்று. 319 கிராமப்புறப் பள்ளிகளை எடுத்து ஆராய்ந்து 2012-இல் வெளியிட்ட அறிக்கையில், கணக்கிலும் மொழியிலும் அப்பிள்ளைகள் முன்னேறியதற்கு அடையாளம் காணப்படவில்லை என்று கண்டார்கள். கணினி வந்தது, அதைக்கொண்டு என்ன செய்வது என்பதை ஆசிரியருக்கு எவரும் போதிய அளவில் சொல்லிக்கொடுக்கவில்லை. கல்வித் தொழில்நுட்பம் பற்றி யுனெஸ்கோ 2023-இல் வெளியிட்ட உலக அறிக்கையும் இதே எச்சரிக்கையைச் செய்தது. கைபேசி வகுப்பிலே கவனத்தைச் சிதறச் செய்வதையும் எடுத்துக் காட்டிற்று.

இவ்வளவு தூரம் போவானேன்? நம் வட்டாரத்திலே ஒரு பள்ளியைப் பார்வையிடச் சென்றபோது திறன்பலகை ஒரு பூப்போட்ட துணியால் போர்த்தப்பட்டிருக்கக் கண்டோம். காரணம் கேட்டோம். "விலையுயர்ந்த பொருள், ஐயா. பிள்ளைகள் தொட்டு ஏதாவது ஆகிவிட்டால் தணிக்கையில் யார் பதில் சொல்வது?" என்றார் தலைமையாசிரியர். அவரைக் குறைசொல்ல நமக்கு மனம் வரவில்லை. கெட்டுப்போன பொருளுக்கு விளக்கம் கேட்கும் நாம், பயன்படாத பொருளுக்கு ஒருநாளும் விளக்கம் கேட்டதில்லை.

வேறொரு நடுநிலைப் பள்ளியில் கண்டது வேறு விதம். அங்கே ஓர் ஆசிரியை தம்முடைய பொறுப்பில் வகுப்புக்கென்று ஒரு வலைப்பூ தொடங்கியிருந்தார். விதி ஒன்றே ஒன்றுதான்: பாடநூலில் இருப்பதை எழுதக்கூடாது, நம் ஊரில் கண்டதை, கேட்டதை, செய்ததை எழுதவேண்டும். பிள்ளைகள் முதலில் தாளில் பென்சிலால் எழுதுவார்கள். நான்கு பேர் கொண்ட குழு அதைப் படித்துத் திருத்தும். வெள்ளிக்கிழமை பிற்பகல் ஒரு குழு கணினியில் தட்டச்சு செய்யும். கைபேசியில் பேசினால் தானே எழுத்தாகிவிடும் வசதி இருந்தும் அதை அவர் அனுமதிப்பதில்லை. ணகரமும் னகரமும் கைபேசிக்குத் தெரிந்தால் போதாது, பிள்ளைக்குத் தெரியவேண்டும் என்பது அவர் கட்சி. நமக்கும் அது சரியென்றே தோன்றியது.

ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் தங்கள் புஞ்சையைப் பற்றி எழுதினான். அதிலே, உளுந்து தை மாதத்தில் விதைக்கப்படும் என்று ஒரு வரி இருந்தது. ஆசிரியை வெளியூர்க்காரர், கவனிக்கவில்லை. கட்டுரை ஊராரின் கைபேசிகளுக்குப் போய்ச் சேர்ந்தது. மறுநாள் காலை பள்ளிக்கு வரும் வழியில் டீக்கடை வாசலிலேயே பையனை ஒரு பெரியவர் பிடித்துக்கொண்டார். "ஏலே, தையில விதைச்சா எதைலே திங்க? தையில பறிக்கணும்லே! விதைக்கிறது புரட்டாசி, ஐப்பசியில" என்று ஊரே சிரிக்கச் சொன்னார். பையன் அழவில்லை. மாலையில் அவருடைய பிஞ்சைக்கே போய், விதைப்புக்கு முன் எத்தனை உழவு, மழை பிந்தினால் என்ன செய்வது, விதையை எறும்பு தூக்காமலிருக்க என்ன வழி என்றெல்லாம் கேட்டு இரண்டாவது கட்டுரை ஒன்று எழுதினான். முதற் கட்டுரை அரைப் பக்கம். இது மூன்று பக்கம். சிவப்பு மை ஒருநாளும் இந்த வேலையைச் செய்திராது.

அதே வகுப்பில் ஒரு சிறுமி, தன் பாட்டி பருத்தி எடுக்கும்போது மடியில் கட்டும் துணியைப் பற்றியும், கூலிக்கு எடுக்கும் பருத்தியைப் பங்கு பிரிக்கும் முறையைப் பற்றியும் எழுதினாள். அவளுடைய தகப்பனார் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறவர். பண்டிகைக்கு மட்டும் ஊர் வருகிறவர். கட்டுரையைப் படித்துவிட்டு அன்றிரவே தம் தாயாரைக் கூப்பிட்டு வெகுநேரம் பேசினாராம். "அப்பா என் கட்டுரையை மூன்று தடவை படித்தார்களாம்" என்று அச்சிறுமி நம்மிடம் சொன்னாள். வருகைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தோம். முன்பு பருத்தி எடுக்கும் பருவத்தில் வாரத்தில் இரண்டு நாள் பள்ளிக்கு வாராதிருந்த பெண் அவள். எழுதத் தொடங்கியபின் வெள்ளிக்கிழமை ஒன்றையும் அவள் தவறவிடவில்லை. மற்ற நாட்களில் இன்னும் தவறுகிறாள் என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். வீட்டு வறுமையை வலைப்பூ தீர்த்துவிடாது.

இனி ஊராட்சி உறுப்பினர்கள் சிரத்தையோடு கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்றைச் சொல்லுகிறோம். அதே வலைப்பூவில் ஒரு நாள் குடிநீர் பற்றிய கட்டுரை வந்தது. மேல்நிலைத் தொட்டியில் 'சுத்தம் செய்த நாள்' என்று பெயின்டால் எழுதியிருக்கும் தேதிக்கும், தொட்டி உண்மையாகவே கழுவப்பட்ட நாளுக்கும் சம்பந்தமில்லை என்று இரண்டு பையன்கள் எழுதிவிட்டார்கள். அவர்கள் வீடு தொட்டிக்கு எதிர்வீடு. உள்ளூர்ப் பிரமுகர் ஒருவர் நம் அலுவலகத்துக்கு வந்து, ஆசிரியையை வேறிடத்துக்கு மாற்றவேண்டும் என்று கொதித்தார். மாற்றுவது நம் அதிகாரத்தில் இல்லை. ஆனால் நாமும் ஒரு தவறு செய்தோம். தொல்லை எதற்கு என்று, அந்தக் கட்டுரையை எடுத்துவிடும்படி ஆசிரியைக்குத் தொலைபேசியில் சொன்னோம். அவர் பேசாமல் எடுத்துவிட்டார்.

அன்றிரவு ஸ்காட்லாந்தில் நடந்த ஒரு சம்பவம் நமக்கு நினைவு வந்தது. அங்கே மார்த்தா பெய்ன் என்ற ஒன்பது வயதுச் சிறுமி, எழுதிப் பழகுவதற்காக 2012 ஏப்ரல் 30-ஆம் தேதி ஒரு வலைப்பூ தொடங்கினாள். பள்ளியில் தனக்குக் கிடைக்கும் பகலுணவை நாள்தோறும் படம் எடுத்துப் போட்டு, ருசி எப்படி, எத்தனை வாய் உணவு, தலைமயிர் கிடந்ததா என்பது வரையில் மதிப்பெண் போட்டாள். தேசமே படித்தது. பள்ளியை நடத்தும் ஆர்கில்-பியூட் வட்டார மன்றத்தார், சமையற்காரர்களின் மனம் புண்படுகிறது என்று சொல்லி, ஜூன் 14-ஆம் தேதி படம் எடுப்பதற்குத் தடை விதித்தார்கள். எழுந்த எதிர்ப்பைத் தாங்கமாட்டாமல் மறுநாளே தடையை நீக்கினார்கள். ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளின் உணவுக்காக 7,000 பவுன் திரட்ட முயன்றுகொண்டிருந்தாள் அச்சிறுமி; தடை செய்த புண்ணியத்தால் சில நாட்களில் அது ஒரு லட்சம் பவுனைத் தாண்டிவிட்டது! மலாவியில் ஒரு பள்ளிச் சமையற்கூடம் அந்தப் பணத்தில் எழுந்தது.

மறுநாள் காலை நாம் நேரே தொட்டியைப் பார்க்கப் போனோம். பையன்கள் எழுதியது பெரும்பாலும் உண்மை. தொட்டி கழுவப்பட்டது. கட்டுரையைத் திரும்பப் போடும்படி ஆசிரியையிடம் நாமே கேட்டுக்கொண்டோம். கழுவிய விவரத்தையும் பையன்களே கீழே எழுதினார்கள். அந்தப் பிரமுகர் இன்னும் நம்மோடு முகங்கொடுத்துப் பேசுவதில்லை. குறையைப் பிள்ளைகள் எழுதினால் குறையைத் திருத்துவதே எளிது. எழுத்தைத் திருத்தப் போனால் தொட்டியும் அழுக்காகவே இருக்கும், பிள்ளைகளும் மறுபடி "பசு ஒரு சாதுவான பிராணி" என்ற இடத்துக்கே போய்விடுவார்கள்.

எனினும் கட்டுப்பாடு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பிள்ளைகளின் பாதுகாப்பு முதன்மையானது; முக்கியமாகப் பெண் குழந்தைகள் விஷயத்தில் பெற்றோர் அஞ்சுவது நியாயமே. வலைப்பூவின் கணக்கு ஆசிரியர் பெயரில் இருக்கவேண்டும். பிள்ளைகளுக்குத் தனிக் கணக்கு எதுவும் கூடாது. முழுப்பெயர், வீட்டு விலாசம், தொலைபேசி எண், முகம் தெரியும் புகைப்படம் இவற்றில் ஒன்றும் வெளிவரலாகாது. வெளியார் எழுதும் பதில்களை ஆசிரியர் பார்த்து அனுமதித்த பின்னரே பிள்ளைகள் காணவேண்டும். 2023-ஆம் ஆண்டு நிறைவேறிய மின்னணுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத எல்லோரையும் குழந்தை என்றே கொள்ளுகிறது. அவர்களுடைய விவரங்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. ஆதலால் ஆண்டின் தொடக்கத்திலேயே பெற்றோரைக் கூட்டி, வலைப்பூவைத் திறந்து காட்டி, கையொப்பம் பெற்றுக்கொள்வது நலம். கைநாட்டு வைக்கும் பெற்றோருக்குப் படித்துக் காட்டவேண்டும்.

இதற்குரிய இடம் பள்ளி மேலாண்மைக் குழு. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி அக்குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள், உள்ளாட்சி உறுப்பினருக்கும் அதில் இடமுண்டு. கூட்டத்தில் கையொப்பமிட்டுத் தேநீர் அருந்திவிட்டு வருவதோடு நம் உறுப்பினர்கள் நிறுத்திக்கொள்ளாமல், பள்ளியில் கணினி ஓடுகிறதா, இணையம் கிடைக்கிறதா, மின்கட்டணம் நிலுவையில் இருக்கிறதா என்று கேட்கலாம். ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளின் கட்டடம் ஒன்றியத்தின் பொறுப்பு. மின்கம்பி பழுதும் கூரை ஒழுக்கும் இருக்கும் அறையில் கணினியை வைத்துப் பயனில்லை.

கைபேசி இல்லாத வீடுகள் இருக்கின்றன. இருந்தாலும் தகப்பனார் வேலைக்கு எடுத்துப்போய்விடுகிறார். 2020 மார்ச்சில் கொரோனாவால் மூடிய பள்ளிகளில் 1 முதல் 8 வரையுள்ள வகுப்புகள் 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திறந்தன. அந்தக் காலத்தில் ஒரே கைபேசியை மூன்று பிள்ளைகள் பங்குபோட்டதை நாம் மறக்கவில்லை. ஆகவே மாதம் ஒருமுறை நல்ல கட்டுரைகளைத் தாளில் எடுத்து ரேஷன் கடைச் சுவரிலும் பால் சங்கத்திலும் ஒட்டவேண்டும். கிராம சபைக் கூட்டம் ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. தீர்மானங்களுக்கு முன்னால் ஒரு பிள்ளையை எழுப்பித் தன் கட்டுரையைப் படிக்கச் செய்தால் ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. கூட்டத்துக்கு வாராத தாய்மார்களும் அன்றைக்கு வருவார்கள் என்பது நம் அனுபவம்.

இப்போது செயற்கை நுண்ணறிவு என்ற வசதி வந்து, கேட்ட மாத்திரத்தில் எதைப் பற்றியும் ஒரு பக்கம் எழுதித் தருகிறது. பிள்ளைகள் அதைப் பார்த்து எழுதிவிட மாட்டார்களா என்று ஆசிரியர்கள் கேட்கிறார்கள். மாட்டைப் பற்றி எழுதச் சொன்னால் எழுதிவிடுவார்கள். நம் வீட்டு மாடு நேற்று ஏன் தீனி தின்னவில்லை என்று எழுதச் சொன்னால் அந்த இயந்திரம் என்ன செய்யும்?

என்ன எழுதுவது என்பதற்கு நம் கரிசல் சீமையில் பஞ்சமில்லை. ராஜநாராயணன் இந்த வட்டாரத்துச் சொற்களைத் திரட்டி 1982-இல் ஓர் அகராதியே வெளியிட்டார். அதற்குப் பிறகு வழக்கொழிந்த கலப்பை உறுப்புகளின் பெயர்கள், மாட்டுச் சுழிகளின் பெயர்கள், மழைக்குறிகள் ஆகியவை நம் பாட்டன் பாட்டிமார் வாயில் இன்னும் சில இருக்கின்றன. வாரம் ஒரு சொல் என்று பிள்ளைகள் கேட்டு எழுதினாலும், அந்தக் குரலையே கைபேசியில் பதிந்து வலைப்பூவில் சேர்த்தாலும் பெரும் பிரயோசனம் உண்டு.

விவசாயிகளுக்கு நேரே உதவக்கூடிய வேலை மழைக் கணக்கு. நம் பகுதியில் ஓர் ஊரில் கொட்டும் மழை அடுத்த ஊரில் தூறுவதில்லை. கோவில்பட்டியில் பதிவான அளவு நம் பிஞ்சைக்குப் பொருந்தாது. பள்ளி வளாகத்தில் ஒரு மழைமானி வைத்துக் காலை எட்டரை மணிக்குப் பிள்ளைகள் அளந்து வலைப்பூவில் எழுதலாம். 1 மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு ஏக்கரில் ஏறக்குறைய 4,000 லிட்டர் தண்ணீர் என்ற கணக்கும் அவர்களுக்கு விளங்கிவிடும். பயிர்க் காப்பீட்டுக்கு இது அரசாங்கச் சான்று ஆகாது. அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். விதைப்புக்கு ஈரம் போதுமா என்று நாமே நிதானிப்பதற்கு ஆகும்.

மேலே சொன்ன நடுநிலைப் பள்ளியில் இந்த வேலையைப் புரட்டாசியில் தொடங்கினார்கள். மரத்தின் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தள்ளி மானியை நடவேண்டும் என்று நாம் அளவு நாடாவோடு நின்றுகொண்டிருந்தோம். உளுந்து விஷயத்தில் பையனைப் பிடித்துக்கொண்ட அதே பெரியவர் வந்து பார்த்துவிட்டு, "அங்கே வேண்டாம் சார், ஆடு முட்டித் தள்ளிவிடும்" என்று கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் வேறு இடம் காட்டினார். அங்கேதான் நட்டிருக்கிறார்கள்.